தெற்குச் சுவரில் அண்ணன் படம்

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது இன்னும் முடிவாகவில்லை. எதிர்வீட்டு அக்கா என்னை டிராயிங் டீச்சர் என்கிறார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலைக்குப் போனதில்லை. மளிகைக் கடைக்காரர் நான் ஏதோ ஒரு கட்சியில் இருப்பதாக நம்புகிறார். அவர் கடைச் சுவரில் ஒட்டிய போஸ்டர்களை நான் தண்ணீர் தெளித்து உரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார், எதிர்க்கட்சிக்காரிதான் இப்படிச் செய்வாள் என்பது அவர் கணக்கு. என் மாமியாரை யாராவது கேட்டால், "வூட்லயேதான் கீறா" என்று முடித்துவிடுவார். மாமியார் சொல்வதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கம்.

நான் படம் வரைகிறவள். சென்னையில் குழந்தைப் புத்தகம் போடுகிறவர்கள் கதையை அனுப்புவார்கள், நான் யானை வரைந்து அனுப்புவேன். கதையில் யானை இல்லாவிட்டாலும் ஒரு யானை கேட்பார்கள். அனுப்பினால், "யானை இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் மேடம்" என்று பதில் வரும். இதுவரை நான் சிரிக்க வைத்த யானைகளைக் காட்டில் விட்டால் காடு தாங்காது. அது சோற்றுக்கு.

மீதி ஆசைக்கு. உரித்த போஸ்டர்களை வெட்டி ஒட்டிக் கொலாஜ் செய்வேன். மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணுக்குப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிப் பெரியவரை உட்கார வைப்பேன், இரண்டு பேரும் பொருந்திப்போவார்கள். ஒரே ஒரு ஏ4 தாளில் எழுதி வரைந்து, ஜெராக்ஸ் போட்டு, மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். அதற்கு ஜீன் என்று பெயர். எங்கள் ஆட்கள் ஐம்பது பேர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் காது குடைவார்கள். அதுவும் போதாமல் வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது போய் நின்று ஏதாவது செய்வேன். நிகழ்த்துகலை என்பார்கள். ஒருமுறை திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், பேனர் கிழிந்துபோன வெறும் மரச்சட்டத்துக்குள் கைகூப்பிச் சிரித்தபடி ஒரு மணி நேரம் நின்றேன். விளம்பர வெறியைக் கேள்வி கேட்பதாக நோக்கம். ஒருவர் வந்து எந்த வார்டு என்று கேட்டார். இன்னொருவர் தன் தெருவில் நாலு நாளாகத் தண்ணீர் வராததைச் சொன்னார். நான் பதில் பேசாமல் சிரித்துக்கொண்டே நின்றதால், பார்த்துச் செய்கிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்.

இத்தனை கூத்துக்கும் என்னை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒழுங்காக, அடக்கமாக, அன்பாக வரைந்த ஒரே ஒரு கரிக்கோட்டுப் படத்துக்கு. அது என் அண்ணன் படம்.

அதனால் நான் என்ன இழக்க இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு மூன்று வயது, காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடு அவன் கொண்டுவர வேண்டும், மொட்டைத் தலைக்குச் சந்தனம் அவன் பூச வேண்டும், குழந்தை கத்துகிறபோது கையைக் காலை அவன் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். ஒரே மடி. அந்த மடியை நானே கெடுத்துக்கொண்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானை வரைகிறவளும் அதைத்தான் செய்தாள்.

அண்ணன் வல்லம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். அம்மாவும் அவனோடுதான். அவனுக்கு ஒரு வினோதமான குறை உண்டு. போட்டோவில் கண் திறக்காது. நேரில் நன்றாகத்தான் விழித்துக்கொண்டிருப்பான், கேமராவைக் கண்டால் இமை விழுந்துவிடும். ஆதாருக்குப் பலமுறை எடுத்துப் பார்த்து, கடைசியில் அந்த ஆள் அதட்டிய அதட்டலில் கண்ணைப் பிதுக்கி விழித்து, ஆடு திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி அதில் இருப்பான். கல்யாண ஆல்பத்தில் மாலை மாற்றும்போது தூக்கம், தாலி கட்டும்போது தூக்கம், சாப்பிடும்போது வாய் திறந்து தூக்கம். "தூங்கிக்கினே தாலி கட்ன ஆளு" என்று அண்ணி இன்றைக்கும் சொல்வாள்.

அவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொண்டுவருவார்கள். நாம் அண்ணனைக் கண் திறந்து வரைந்து கொடுப்போம். ஒரு மாதம் உட்கார்ந்தேன். போட்டோ பார்த்து வரைய முடியாது, ஆதாரைத் தவிர எல்லாவற்றிலும் தூங்குகிறான். நினைவிலிருந்துதான் வரைந்தேன். சின்ன வயதில் நான் சைக்கிளிலிருந்து விழுந்தால், சிரிக்கவா தூக்கவா என்று ஒரு நொடி பார்ப்பானே, அந்தப் பார்வை. அது பிடிபட்ட அன்றைக்கு, சரி, நாமும் ஏதோ வரைகிறோம் என்று எனக்கே ஒரு மரியாதை வந்தது.

கண்ணாடி போடக் கொண்டுபோன கடையில் அந்த மனிதர் படத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்பம்மா தவறுனாரு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். உயிரோடு இருக்கிறவர்தான் என்றேன். கறுப்புச் சட்டம் போடுங்கள், எடுப்பாக இருக்கும் என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "சரிங்க" என்றார். அந்தச் "சரிங்க"வில் ஊர் மொத்தமும் எனக்கு எச்சரிக்கை சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை. நாலு வருஷம் ஓவியம் படித்தவளுக்கு, எங்கள் வீடுகளில் தனியாள் படம் கறுப்பு வெள்ளையில் கண்ணாடிக்குள் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்பது மறந்துபோயிற்று. படிச்ச முட்டாள் என்று அம்மா சும்மா சொல்லவில்லை.

விழாவில் ஒன்பது சுவர்க்கடிகாரங்களுக்கு நடுவில் என் படத்தை வைத்தேன். அச்சு அசல் என்றார்கள். அண்ணன் கிட்டே வந்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கண்ணு தொறந்துக்கினு கீறேன்" என்றான். தன் போனை எடுத்து அதை ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டான். எனக்குக் கிடைத்த பரிசுகளிலேயே பெரியது அதுதான் என்று நினைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. புதுச் சுவரில் ஆணி அடிக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. காலியாக ஓர் ஆணி இருந்தது, தெற்குச் சுவரில், செத்துப்போன எங்கள் அப்பா படத்துக்குப் பக்கத்தில். அங்கே மாட்டினாள். அப்பா படத்துக்கு மேலே எரிகிற சிவப்பு ஜீரோ வாட் பல்பு தாராள மனசோடு இரண்டு பேர் மேலும் வெளிச்சம் போட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி அப்பா படத்துக்குப் பூ வைத்தாள். ஒரு துண்டு பூ மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று அதைப் பக்கத்துச் சட்டத்தின் மேல் வைத்தாள்.

அன்றைக்குத்தான் அனந்தபுரத்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. பால் காய்ச்சும் விழாவுக்கு உடம்பு முடியாமல் வராமல் போனவர், புது வீடு பார்க்க வாழைத்தாரும் பழமுமாக வந்தார். உள்ளே நுழைந்தார். தெற்குச் சுவரைப் பார்த்தார். வாழைத்தார் கீழே விழுந்தது.

"ஐயோ, எனுக்கு ஒரு வார்த்த சொல்லலியே! எங்கண்ணு! உங்கப்பன் பக்கத்துலயே போய் நின்னுக்கினியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அவர் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. அண்ணி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, யாருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் அவளும் அழ ஆரம்பித்தாள். கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த அண்ணன் ஈரத்துண்டோடு, தலையில் சோப்பு நுரையோடு உள்ளே ஓடிவந்து, "அத்த, இன்னா ஆச்சி?" என்றான். அத்தை அவனை ஒரு தடவை பார்த்தார், படத்தை ஒரு தடவை பார்த்தார், மயங்கி விழுந்தார்.

இதை அம்மா எனக்குப் போனில் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும்தான் சிரித்தார். அண்ணனும் சிரித்தான் என்றே சொன்னார். அதோடு முடிந்திருக்கும். பதினைந்து நாளில் அண்ணன் டிராக்டர் டிரெய்லரிலிருந்து குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டான்.

அண்ணி போன் செய்தாள். "நான் இதெல்லாம் நம்பல. ஆனா எங்கம்மா நம்புது, அத்தை நம்புது, பால்காரரு வரிக்கும் நம்பறாரு. பேஜாரா கீது. தப்பா நெனச்சிக்காத." இரண்டு நாளில் படம் திண்டிவனம் வந்து சேர்ந்தது. அரை மூட்டை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். மல்லாட்டை சமாதானத்துக்கு.

எனக்கு வந்ததே கோபம். ஒரு மாதம் கண்ணெரிய வரைந்தது. ஆதாரைத் தள்ளிவிட்டால், உலகத்திலேயே அண்ணன் கண் திறந்திருக்கும் ஒரே படம். அதைச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்புவார்களா? கோபம் வந்தால் மற்றவர்கள் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். நான் ஜீன் போட்டேன். பெயர், 'என் அண்ணன் சாகவில்லை'. முதல் பக்கத்தில் கடைக்காரர், இரண்டாவதில் கறுப்புச் சட்டம், மூன்றில் ஆணி, நாலில் மிச்சப் பூ, ஐந்தில் அத்தை, ஆறில் வாழைத்தார், ஏழில் சோப்பு நுரையோடு அண்ணன். எட்டாம் பக்கத்தில் ஒன்றுமில்லை, ஒரு வெறும் ஆணி. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் யானைகளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அதை விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் போட்டேன். அந்தக் கடையம்மாவுக்கு எதையும் வீணாக்குகிற பழக்கம் இல்லை. என் ஜீன் தாளில் ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெள்ளை. மசி சரியாக விழாமல் கழித்த தாள்களை அவர் மற்றவர்களின் ஜெராக்ஸைச் சுற்றிக் கொடுக்க வைத்துக்கொண்டார். கால் கட்டுப் பிரிக்க விழுப்புரம் வந்த அண்ணன், அப்படியே ஆதாரையும் சிட்டாவையும் ஜெராக்ஸ் எடுக்கப் போன கடையும் அதுதான். ஆயிரம் கடை இருக்கிற ஊரில். ஆடு திருடியவன் மாதிரி இருக்கும் அவனுடைய ஆதாரை, சோப்பு நுரையோடு இருக்கும் அவன் படத்திலேயே சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு அவன் போன் செய்தபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாத்தேன்மா. நல்லாத்தான் கீது. ஆனா அத்தைய அப்பிடி வாயத் தொறந்துக்கினு போட்டிருக்க வேணாம். அது நெஜமா எனுக்கோசரம் அழுதுச்சி."

மேஜையில் மடித்து வைத்திருந்த ஜீன்களை நான் கவிழ்த்து வைத்தேன்.

"இதோட உட்டுடு. என்ன வெச்சி இன்னொரு பொஸ்தகம் போடாத."

"சத்தியமா போட மாட்டேண்ணா" என்றேன்.

புத்தகம் போட மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். நிகழ்த்துகலை பற்றிப் பேச்சே வரவில்லை. இப்படி வக்கீல் மாதிரி யோசிக்கிறவர்களுக்குச் சாமி தனியாக ஒரு தண்டனை வைத்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்தில் நண்பர்கள் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் எடுத்து ஒரு நாள் கலைவிழா நடத்தினார்கள். நான் அண்ணன் படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, பக்கத்தில் வெள்ளைப் புடவையில் நின்றேன். வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து "எப்படிப் போனார்?" என்று கேட்க வேண்டும். நான் "சாகவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாற்பது நிமிஷம். அறிவாளிகள் வந்து அறிவாளித்தனமாகக் கேட்டார்கள். நடுவில், வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார், வெளியே போனார், ரோஜா மாலையோடு திரும்பி வந்தார். நான் "சாகவில்லை" என்றேன். "அப்பிடித்தாம்மா, நம்ம மனசுல சாக மாட்டாரு" என்று என் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு, மாலையைப் போட்டுக் கும்பிட்டார். மண்டபம் கைதட்டியது. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

என் கணவர் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். கலைக்கு அவர் செய்கிற ஒரே உதவி வீடியோ எடுப்பது. அன்றைக்குப் பெருமை தாங்காமல், மாலை விழுகிற இடத்தை மட்டும் வெட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நான் வெள்ளைப் புடவை, நாற்காலியில் அண்ணன், ரோஜா மாலை. குழுவில் நூற்றுப் பத்துப் பேர். சத்தத்தோடு யார் பார்க்கிறார்கள்? நாங்கள் வீடு திரும்புவதற்குள் அண்ணியின் தாய் வீட்டிலிருந்து துக்கத்துக்கு வேன் வைத்துப் புறப்பட்டுவிட்டார்கள். அண்ணன் போனுக்கு அழைப்பு மேல் அழைப்பு. எடுத்து ஹலோ என்று சொன்னால் எதிர்ப்பக்கம் கத்திவிட்டு வைத்துவிடுகிறார்களாம்.

எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது. பின்னால் அண்ணி அழுவது கேட்டது. "உனுக்கு நான் செத்தாத்தான் பொழப்பு ஓடும்னா, செத்ததாவே வெச்சிக்க. இனிமே எனுக்குப் போன் பண்ணாத." அவ்வளவுதான். குழுவிலிருந்து வெளியேறினான். என்னை பிளாக் செய்தான், என் கணவரையும் சேர்த்து. அவன் எண்ணைத் தொட்டால், முகம் இருக்க வேண்டிய டிபி வட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைத் தலைதான் தெரியும்.

அந்தப் பொம்மைத் தலையை நான் தினமும் பார்த்தேன். கலைஞர்களுக்கு மானம் ரோஷம் எல்லாம் உண்டு என்பார்கள். எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. யானை கேட்டு மெயில் வந்தால், சிரிக்கிற யானை வரைய வரவில்லை. நாலு யானைகள் தொடர்ந்து முறைத்தன. மேடம், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

காதுகுத்துக்கு நாள் குறித்தோம், திருவக்கரைக் கோயிலில். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு நானும் கணவரும் அழைக்கப் போனோம். எங்கள் பைக் சத்தம் கேட்டதும் அண்ணன் கொல்லைப்பக்கமாக நிலத்துக்குப் போய்விட்டான். அம்மா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணி தட்டை வாங்கிக்கொண்டாள், காபி கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்குச் சுவரில் அப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது.

"வருவானாம்மா?" என்று கேட்டேன்.

"எனுக்கு இன்னாடி தெரியும்? வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீ செஞ்ச வேல அப்பிடி. சும்மா போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கினு, இப்ப வந்து குடையுது குடையுதுன்னா?"

விழாவுக்கு பிளெக்ஸ் வைக்க வேண்டும், அது இல்லாமல் எங்கள் பக்கம் காதில் ஓட்டை விழாது. வீட்டிலேயே படம் வரைகிறவள் இருக்கும்போது வெளியே எதற்குக் கொடுப்பது என்றார் மாமியார். முதல்முறையாக அவர் வாயால் என் தொழில் ஒப்புக்கொள்ளப்பட்டது. நடுவில் குழந்தை, சுற்றிலும் வட்டம் வட்டமாக உறவுக்காரர் முகங்கள். எல்லோர் வட்டத்தையும் விடப் பெரிய வட்டம் தாய்மாமனுக்கு. அதற்குள் போட என்னிடம் ஒன்றுமில்லை. கரிப்படத்தைப் போடலாம், போட்டால் நான் மனுஷியே இல்லை. பழைய குடும்பப் போட்டோ ஒன்றைக் கத்தரிக்கோலோடு எடுத்துவைத்துப் பார்த்தேன். அதிலும் தூங்கினான். கடைசியில் வட்டத்தைக் காலியாக விட்டு, கீழே 'தாய்மாமன்' என்று மட்டும் போட்டேன். என் கைக்கு வந்த கொலாஜ்களிலேயே மோசமானது அதுதான்.

திருவக்கரையில் பேனரைக் கட்டியதும் கணவர் வீட்டு மாமா ஒருவர் அண்ணாந்து பார்த்து, "யாரு இது, காணாப் போனவரா?" என்று கேட்டார். நான் கேட்காத மாதிரி போய்விட்டேன்.

மொட்டை போட்டாயிற்று. நல்ல நேரம் முடிய அரை மணி இருந்தது. காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிட்டார். சிலர், அதற்குள் பக்கத்துப் பூங்காவில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று யோசித்தார்கள். மாமியார் மெதுவாக, என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வந்திருக்கிறானே, அவனை உட்கார வைக்கலாமே என்றார். அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாரானான். ஆசாரி, "யாராச்சும் ஒருத்தரு மடி சொல்லுங்கம்மா, ஜல்தி" என்றார். என் மகள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "மாமா எங்க?" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? உன் அம்மாவுக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது, அதனால் மாமா இல்லை என்றா?

அப்போது ஒரு குட்டி யானை வந்து நின்றது. சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி. பின்னால் அம்மா, அண்ணி, அனந்தபுரத்து அத்தை, சீர்த்தட்டுகள். வண்டியின் முகப்பில், டிரைவருக்குப் பாதி மறைக்கிற மாதிரி, ஒரு பிளெக்ஸ். 'தாய்மாமன் சீர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் அண்ணன், கண்ணைத் திறந்துகொண்டு.

என் கோடுகள். புருவத்தில் நான் மூன்று முறை அழித்து வரைந்த இடம்கூட அப்படியே தெரிந்தது. படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் முன்கதவைத் திறந்து இறங்கி வந்தான். நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாக்கற? பிளெக்ஸ் கடைல போட்டோ கேட்டான். டிபியில கீறத எடுத்துக்கோன்னேன். வரஞ்ச படத்தப் பாத்ததும் மறைவு தேதி இன்னாண்ணான்றான். நானே நேர்ல போயி, யோவ், எதிர்ல நிக்கறனேன்னேன். விளக்க மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டான். படம்னா அப்பிடித்தாண்ணா வருமாம்."

"டிபியா? எப்பலேர்ந்து?"

"நீ அன்னிக்கிக் கூத்தடிச்ச பாரு, அப்பலேர்ந்து. ஊரே போனு பண்ணி உயிரோட கீறியான்னு கேக்குது. எத்தினி பேருக்குப் பதில் சொல்றது? ஆதார உட்டா, கண்ணு தொறந்துக்கினு கீற படம் ஒண்ணுதானே என்கிட்ட கீது. அத்த வெச்சி, உயிரோடதான் கீறேன்னு கீழ போட்டுட்டேன். பால் காய்ச்சன அன்னிக்கிப் புடிச்சது." சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான்.

ஆறு மாதம். வல்லத்திலிருந்து அனந்தபுரம் வரை எல்லோர் போனிலும் என் படம் இருந்திருக்கிறது. உர மூட்டைக்காரர், பால்காரர், அத்தையின் பேரன்கள், எல்லோரும் தினமும் பார்த்திருக்கிறார்கள். நான் வரைந்ததிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அது. அது தெரியாமல் சாம்பல் பொம்மையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் என்னைத்தான் பிளாக் செய்திருந்தான். நான் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், வாய்விட்டு அழுதேன். காது குத்தியபோது என் மகளும் கத்தினாள். அத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமாதானம் சொன்னார்.

போகும்போது அண்ணன் விரல் நீட்டிச் சொன்னான். "இன்னிக்கி நடந்தத வரையாத. வெட்டி ஒட்டாத. மடிச்சிப் பொஸ்தகம் போடாத. எங்கியும் போயி நின்னு கூத்தடிக்காத."

எழுதாதே என்று அவன் சொல்லவில்லை. பழைய நானாக இருந்தால் அதுவே போதும் என்று எழுதி அனுப்பியிருப்பேன். இந்த முறை எழுதி முடித்ததும் வல்லம் போய், முழுசாக அவனிடம் படித்துக் காட்டினேன். மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்டான். அத்தை வாழைத்தாரைப் போட்ட இடத்தில் சிரித்தான். குரல்செய்தி வந்தபோது உடைப்பதை நிறுத்தினான். முடிந்ததும் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டான்.

"எல்லாம் சரிதான். போட்டுக்கோ" என்றான். "ஆனா வண்டிலேர்ந்து எறங்கறப்ப நான் நொண்டிக்கினு வந்தேன்னு எழுதிக்கீற. அது மட்டும் வேணாம்."

எடுத்துவிட்டேன். என் அண்ணன் அன்றைக்கு நன்றாகவே நடந்து வந்தான்.